வீட்டு பியர்: பாட்டிலா, கெக்கா?

டிஸ்கி: அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் தயாரிப்பவர்களுக்குள் ரொம்ப நாளாக நடக்கும் ஒரு சண்டையைப் பற்றிய கட்டுரை இது. செய்து பார்க்கச் சொல்லும் அழைப்பு அல்ல. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் பியர் தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவிலும் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும் :-)

2012 செப்டம்பரில் அமெரிக்க வெள்ளை மாளிகை ஒரு வினோதமான ஆவணத்தை வெளியிட்டது. போர் பற்றியோ பட்ஜெட் பற்றியோ அல்ல. பியர் செய்முறை! ஒபாமா காலத்தில் வெள்ளை மாளிகைச் சமையலறையில், அங்கேயே தோட்டத்தில் வைத்திருந்த தேனீப் பெட்டியின் தேனைச் சேர்த்துத் தயாரித்த பியர் அது. மக்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் செய்முறையை வெளியே விட்டார்கள்.

அந்தச் செய்முறையின் கடைசிப் படி கவனிக்க வேண்டியது. நொதித்து முடிந்த பியரில் முக்கால் கப் சோளச் சர்க்கரையைக் கலந்து, பாட்டில்களில் அடைத்து, இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். கெக், சிலிண்டர், குழாய் எதுவும் கிடையாது. உலகத்திலேயே வசதியான சமையலறைகளில் ஒன்று அது. கெக் வாங்கக் காசு இல்லாமலா பாட்டிலைச் சொன்னார்கள்?

வீட்டு பியர்க்காரர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் சிரிப்பார்கள். "பாட்டிலெல்லாம் ஆரம்பக்காரர்களுக்கு. இரண்டு வருஷம் போனால் எல்லோரும் கெக்குக்கு வந்துவிடுவார்கள்" என்பார்கள். சைக்கிளில் இருந்து பைக்குக்கு மாறுவது போல இதையும் ஒரு பதவி உயர்வாகவே பார்க்கிறார்கள். அது உண்மையிலேயே பதவி உயர்வுதானா என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் கொஞ்சம் வரலாறு

தமிழில் "காய்ச்சுவது" என்றாலே கள்ளச்சாராயம்தான் நினைவுக்கு வரும். பியர் அந்த ரகம் இல்லை. அதில் வடிப்பது கிடையாது. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பான சாறு எடுத்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்து மூடி வைக்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருகிறது. இட்லி மாவு இரவில் பொங்குவதும் நுண்ணுயிர்கள் விடும் இதே வாயுவால்தான்.

அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கு முடிந்தபோது வீட்டில் ஒயின் தயாரிக்க வழி விட்டவர்கள், பியருக்கு விடவில்லை. கிட்டத்தட்ட 45 வருஷம் அப்படியே ஓடியது. 1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வீட்டு பியரை மத்திய அரசின் வரியில் இருந்து விடுவித்தது. 1979 பிப்ரவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வயது வந்த ஒருவர் இருக்கும் வீட்டுக்கு வருஷத்துக்கு 100 கேலன், இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 கேலன். மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. கடைசியாக 2013-ல் அலபாமாவும் மிசிசிப்பியும் ஒத்துக்கொண்டன.

இந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு: விற்கக் கூடாது. சொந்த உபயோகத்துக்கும் குடும்பத்துக்கும் மட்டுமே. ஆக, வீட்டு பியருக்கு இரண்டே வழிதான். ஒன்று செய்தவர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்காவது சும்மா கொடுக்க வேண்டும். பாட்டிலா, கெக்கா என்ற சண்டையில் பலரும் மறந்துவிடும் விஷயம் இது. பிறகு இதற்கே திரும்பி வர வேண்டியிருக்கும்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

வீட்டில் வழக்கமாகச் செய்யும் ஒரு தடவை அளவு 5 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 19 லிட்டர். நொதித்து முடிந்த பியரில் நுரை இருக்காது. வாயுவின் பெரும்பகுதி வெளியே போயிருக்கும். அதை மறுபடி ஏற்ற வேண்டும். எப்படி ஏற்றுவது என்பதில்தான் இரண்டு கட்சிகளும் பிரிகின்றன.

பாட்டில் கட்சி ஈஸ்ட்டையே மறுபடி வேலை வாங்குகிறது. பியரில் இன்னும் உயிரோடு மிதக்கும் ஈஸ்ட்டுக்குக் கொஞ்சம் சர்க்கரை கொடுத்து, பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கிவிடுகிறார்கள். வெளியே போக வழியில்லாத வாயு பியருக்குள்ளேயே கரைகிறது. கணக்கு எளிது. ஒரு லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை போட்டால் சுமார் 2 கிராம் வாயு கிடைக்கும். அது அந்த பியரின் கன அளவுக்குச் சமமான வாயு. நொதித்த பியரில் 20 டிகிரி வெப்பத்தில் ஏற்கெனவே 0.85 மடங்கு வாயு மிச்சம் இருக்கும். வழக்கமாகத் தேவைப்படுவது 2.4 மடங்கு. மீதிக்கு லிட்டருக்கு 6 கிராம் சொச்சம், 19 லிட்டருக்கு சுமார் 118 கிராம் சர்க்கரை. பிளஸ் டூ வேதியியல் தெரிந்தவர்கள் பேனாவை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கெக் கட்சி கோலி சோடாக்காரர்களின் வழியில் போகிறது. வாயுவை வெளியில் இருந்து அழுத்தி ஏற்றுவார்கள். வீட்டு பியர்க்காரர்களின் கெக் பெரும்பாலும் ஒல்லியான, உயரமான எவர்சில்வர் உருளை. கார்னீலியஸ் என்ற கம்பெனியின் பெயரால் அதைச் செல்லமாக "கார்னி கெக்" என்பார்கள். அது பியருக்காகப் பிறந்ததே அல்ல. ஓட்டல்களுக்குக் குளிர்பானச் சர்க்கரைப் பாகு கொண்டுபோகப் பிறந்தது. பெப்ஸிக்கு ஒரு வகை இணைப்பு, கோக்குக்கு இன்னொரு வகை இணைப்பு. பிறகு அந்தக் கம்பெனிகள் அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை வைத்த முறைக்கு மாறியதும், வேலையிழந்த உருளைகள் மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. அவற்றில் பல வீட்டு பியர்க்காரர்களிடம் போய்ச் சேர்ந்தன. கொள்ளளவும் சரியாக 5 கேலன். ஜாடிக்கேற்ற மூடி!

கெக்கோடு ஒரு கரியமில வாயு சிலிண்டர், நம் வீட்டு கேஸ் அடுப்புக்கு இருப்பது போல ஒரு ரெகுலேட்டர், இரண்டு ரப்பர் குழாய், ஒரு பைப், இவை எல்லாவற்றையும் உள்ளே வைக்கத் தனியாக ஒரு பிரிட்ஜ். பியரை 3, 4 டிகிரிக்குக் குளிரவைத்து, 11, 12 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வாயுவைத் திறந்துவிட்டால் ஒன்று இரண்டு வாரத்தில் நுரை தயார். அவசரக்காரர்கள் கெக்கை உருட்டிக் குலுக்கி ஓரிரு நாளிலேயே முடித்துவிடுவதும் உண்டு.

கெக் கட்சியின் நியாயங்கள்

முதல் நியாயம், உழைப்பு. 19 லிட்டர் என்றால் 12 அவுன்ஸ் பாட்டில் 53 வேண்டும். ஒவ்வொன்றையும் கழுவி, கிருமி நீக்கி, நிரப்பி, மூடி போட்டு அழுத்த வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்விடும். கெக் என்றால் ஒரே ஒரு பாத்திரம். கழுவி, நிரப்பி, மூடினால் அரை மணியில் வேலை முடிந்தது.

இரண்டாவது, ஆக்ஸிஜன். பியரின் பரம எதிரி அது. பாட்டிலில் ஊற்றும்போது காற்று கலக்காமல் இருக்காது. கெக்கில் முதலில் கிருமிநாசினி நீரை நிரப்பி, அதை கரியமில வாயுவால் வெளியே தள்ளிவிட்டு, காற்றே இல்லாத உருளைக்குள் பியரை ஏற்றலாம். ஹாப்ஸ் வாசம் தூக்கலாக இருக்கும் பியர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. சமீப காலத்தில் பிரபலமான, மாம்பழச் சாறு மாதிரி கலங்கலாக இருக்கும் ஐ.பி.ஏ. வகையைப் பாட்டிலில் அடைத்தால் சில வாரங்களிலேயே நிறம் மங்கிப் பழுப்பாகும். வாசமும் போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் கெக் கட்சி சொல்வதை மறுக்க முடியாது. மறுக்கவும் கூடாது.

மூன்றாவது, கட்டுப்பாடு. வாயு கூடினால் ரெகுலேட்டரைக் குறைக்கலாம், குறைந்தால் கூட்டலாம். பாட்டிலில் மூடி போட்ட பிறகு போட்டதுதான்.

நான்காவது, பாதுகாப்பு. இதைத் தனியாகவே பேச வேண்டும்.

அலமாரியில் வெடிகுண்டு

2.5 மடங்கு வாயு உள்ள பியர் 20 டிகிரி அறையில் இருந்தால், பாட்டிலுக்குள் அழுத்தம் சுமார் 27 பி.எஸ்.ஐ. பெட்ரோல் பங்கில் கார் டயருக்கு "முப்பது வைங்க" என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த அளவு. அதாவது ஒழுங்காகச் செய்த வீட்டு பியரின் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு கார் டயரின் அழுத்தம் இருக்கிறது. டயராவது ரப்பர். இது கண்ணாடி.

ஒழுங்காகச் செய்யாவிட்டால்? நொதிப்பு முடிந்ததா என்று ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் அவசரப்பட்டு அடைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தப்பு. 1.012 வரை இறங்க வேண்டிய பியரை 1.018-லேயே பாட்டிலில் அடைத்துவிட்டால், மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் நொதித்து இன்னும் சுமார் 3 மடங்கு வாயுவைக் கூட்டும். போட்ட சர்க்கரையால் வரும் வாயு தனி. சாதாரண பியர் பாட்டில் அதைத் தாங்காது. வீட்டு பியர்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே "பாட்டில் பாம்". ஒன்று வெடித்தால் அந்தச் சில்லு பக்கத்துப் பாட்டிலையும் உடைக்கும். கையும் கண்ணும் போகக்கூடிய ஆபத்து இது. "த்ரில்" என்று சொல்லிச் சிரிக்கிற விஷயம் இல்லை.

கெக் அப்படி இல்லை. கார்னி கெக் மேலேயே 130 பி.எஸ்.ஐ. வரை தாங்கும் என்று பொறித்திருப்பார்கள். பிரஷர் குக்கரில் இருப்பது போலப் பல கெக்குகளில் பாதுகாப்பு வால்வும் உண்டு.

ஆனால் கெக்கும் ஒன்றும் அறியாத பச்சைக்குழந்தை இல்லை. வழக்கமான சின்ன சிலிண்டரில் 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ கரியமில வாயு இருக்கும். அறை வெப்பத்தில் அது 1,200 லிட்டருக்கும் மேல் விரியும். காற்றைவிடக் கனமான வாயு, தரையோடு தங்கும், வாசமும் கிடையாது. காற்றோட்டம் இல்லாத சின்ன அறையில் மொத்தமும் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. சிலிண்டரை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதும் விதி.

பாட்டில் ஆபத்துக்கு மருந்து இருக்கிறது, அதுவும் மலிவாக. சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை ஹைட்ரோமீட்டர் அளவு பார்த்து, அது மாறாமல் நின்ற பிறகுதான் அடைக்க வேண்டும். சர்க்கரையைக் கரண்டியால் குத்துமதிப்பாகப் போடாமல் தராசில் நிறுத்துப் போட வேண்டும். திருகு மூடி போட்ட மெல்லிய பாட்டில்களை ஒதுக்க வேண்டும். 53-ல் ஒன்றை மட்டும் காலியான பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் நிரப்பினால், தினமும் அதை விரலால் அழுத்திப் பார்த்தே மற்ற பாட்டில்களுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கல்லு மாதிரி ஆகிவிட்டால் எல்லாவற்றையும் குளிரில் வைத்துவிட வேண்டியதுதான். குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும், அழுத்தமும் இறங்கும்.

இதைச் செய்ய முடியாதவர், "அட, என்ன ஆகிவிடப் போகிறது" என்கிற ரகம் என்றால், அவர் பாட்டிலைத் தொடாமல் இருப்பதே நல்லது. உண்மையில் அவர் கெக்கையும் தொடாமல் இருப்பது நல்லது.

பாட்டில் கற்றுக்கொடுப்பது

இவ்வளவு ஆபத்தும் உழைப்பும் இருக்கும்போது ஏன் பாட்டில்? அந்த உழைப்புக்குள்ளேதான் பாடம் இருக்கிறது.

பாட்டிலில் அடைப்பவர் நொதிப்பு என்றால் என்ன என்று தெரியாமல் தப்பிக்க முடியாது. எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு வாயு, எந்த வெப்பம், எத்தனை நாள் என்று எல்லாம் கைக்கணக்காக வந்தே ஆக வேண்டும். கெக்கில் இந்த நிலையை ரெகுலேட்டர் முள் பார்த்துக்கொள்கிறது. தப்பு நடந்தாலும் திருப்பிச் சரிசெய்யலாம். வசதிதான். ஆனால் சரிசெய்ய முடிகிற தப்பை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று, சேதத்தின் அளவு. கழுவாமல் விட்ட ஒரு பாட்டில் கெட்டால் கெட்டது அந்த ஒரு பாட்டில்தான். கெக்கின் மூடி வளையத்திலோ குழாயிலோ அழுக்கு தங்கினால் 19 லிட்டரும் போச்சு. கெக் வைத்திருப்பவர்களில் பலர் அந்தக் குழாயைக் கழுவுவதில் சோம்பேறிகள் என்பது கெக் கட்சியே ஒப்புக்கொள்ளும் ரகசியம். பாட்டிலில் 53 முறை கழுவும் அலுப்பு. கெக்கில் ஒரே முறை, ஆனால் கழற்றிப் பிரித்துக் கழுவும் அலுப்பு. அலுப்பு ஒழிவதில்லை, இடம்தான் மாறுகிறது.

மூன்றாவதாகக் காலம். சில பியர்களுக்குப் பாட்டில் வெறும் பாத்திரம் அல்ல, செய்முறையின் ஒரு பகுதி. பெல்ஜியத்தின் ஓர்வால் மடத்துத் துறவிகளின் பியர் இதற்கு நல்ல உதாரணம். பாட்டிலில் அடைக்கும்போதுதான் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். அது மாதக்கணக்கில் பாட்டிலுக்குள்ளேயே வேலை செய்யும். ஒரு மாதத்தில் திறந்தால் ஒரு ருசி, ஒரு வருஷம் கழித்துத் திறந்தால் வேறு ருசி. இங்கிலாந்தில் 1971-ல் தொடங்கிய கேம்ரா இயக்கம், பெரிய கம்பெனிகள் வடிகட்டி வாயு ஏற்றி அனுப்பிய கெக் பியரை எதிர்த்தே வளர்ந்தது. உயிருள்ள ஈஸ்ட்டோடு பாட்டிலுக்குள் முதிரும் பியரை அவர்கள் அசல் ஏல் என்ற கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டு பியர்க்காரரும் 53 பாட்டிலில் பத்தை ஒதுக்கி வைத்து மாதம் ஒன்றாகத் திறந்தால், தன் பியர் எப்படி வயதாகிறது என்று பார்க்கலாம். கெக்கில் இருப்பது மூன்று வாரத்தில் காலி. மிச்சம் வைத்தால் கெக்கும் பிரிட்ஜ் இடமும் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும்.

எண்ணிக்கை

பலரும் பேசத் தயங்கும் விஷயம் அடுத்தது.

அமெரிக்க சுகாதாரத் துறையின் கணக்கில் 5 சதவீத ஆல்கஹால் உள்ள 12 அவுன்ஸ் பியர் என்பது ஒரு "டிரிங்க்". அதில் 14 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அப்படியானால் 5 கேலன் கெக் என்பது 53 டிரிங்க். அது வீட்டுக்குள், பிரிட்ஜில், திறந்தால் கொட்டும் குழாயோடு இருக்கிறது.

பாட்டில் தன்னைத் தானே எண்ணிக்கொள்கிறது. இரவில் மூன்று குடித்தால் காலையில் மூன்று காலி பாட்டில் மேஜையில் நின்று சாட்சி சொல்லும். பெட்டியில் எத்தனை மிச்சம் என்று பார்த்தால் வாரக் கணக்கும் தெரியும். குழாயில் இந்தச் சாட்சி கிடையாது. "கால் கிளாஸ் மட்டும்" என்று ஊற்றுவது, நுரை அதிகம் வந்ததென்று இன்னொரு கால் ஊற்றுவது, ருசி பார்க்க இன்னும் கொஞ்சம். எவ்வளவு குடித்தோம் என்பதை கெக் திடீரென்று ஒருநாள் புஸ்ஸென்று காற்று விடும்போதுதான் சொல்லும். அப்போது 53-ம் முடிந்திருக்கும்.

கெக் வைத்திருப்பவர்கள் எல்லோரும் குடிகாரர்கள் என்பதல்ல வாதம். நிறையப் பேர் அளவோடுதான் இருக்கிறார்கள். ஆனால் அளவை நினைவூட்டும் ஒரு சின்ன தடையை, கண்ணுக்குத் தெரியும் ஒரு எண்ணிக்கையை, வசதி என்ற பெயரில் வீட்டை விட்டு அனுப்புகிறோம் என்பது தெரிந்தே அனுப்ப வேண்டும். விலைப்பட்டியலில் ரெகுலேட்டருக்கு இவ்வளவு, சிலிண்டருக்கு இவ்வளவு என்று இருக்கும். இதற்கான விலை அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. இருபதுகளில் இருப்பவர்கள், தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

கொடுப்பது

முன்பு சொன்ன நிபந்தனை நினைவிருக்கிறதா? விற்கக் கூடாது. குடிக்கலாம், கொடுக்கலாம்.

கொடுப்பது என்று வந்தால் பாட்டிலுக்கு நிகர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்று, அலுவலக நண்பருக்கு இரண்டு, பிறந்த நாளுக்கு ஒரு அரை டஜன். வாங்கியவர் தன் வீட்டில், தனக்குத் தோன்றும் நாளில் திறந்து குடிக்கலாம். 2012 ஆகஸ்டில் ஐயோவா மாநிலத்தில் தேர்தல் பயணத்தில் இருந்த ஒபாமாவின் பஸ்ஸில் அந்தத் தேன் பியர் பாட்டில்களும் இருந்தன. ஒரு காபிக்கடையில் பேச்சுக் கொடுத்த ஒருவருக்கு அதில் ஒன்றை எடுத்துவரச் சொல்லிக் கொடுத்தார். கெக்காக இருந்திருந்தால் அந்தக் காட்சி நடந்திருக்குமா? நிரம்பிய கார்னி கெக் 20 கிலோவைத் தாண்டும். சிலிண்டரும் கூடவே வர வேண்டும்.

போட்டிகளும் அப்படித்தான். 1978-ல் கொலராடோ மாநிலம் போல்டரில் சார்லி பப்பாசியன் முன்னின்று தொடங்கிய அமெரிக்க வீட்டு பியர்க்காரர்கள் சங்கம் 1979-லிருந்து தேசியப் போட்டி நடத்தி வருகிறது. கெக்கை யாரும் பார்சலில் நடுவர்களுக்கு அனுப்புவதில்லை. கெக் வைத்திருப்பவரும் அதற்காகக் கடைசியில் ஒரு குழாய் மாட்டி பாட்டிலில்தான் நிரப்புகிறார்.

கெக்குக்கும் ஒரு கொடுக்கும் முறை உண்டு. அது விருந்து. முப்பது பேர் வரும் கல்யாண வரவேற்புக்கு, தோட்டத்தில் நடக்கும் பார்ட்டிக்கு கெக்கை அடிக்க ஆளில்லை. காலி பாட்டில் குப்பை இல்லை, அடியில் ஈஸ்ட் வண்டல் இல்லை, கடைசி ஒரு சென்டிமீட்டரை விட்டுவிட்டு ஊற்ற வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாட்டில் மற்றவர் வீட்டுக்குப் போகிறது, கெக் மற்றவர்களை வீட்டுக்கு அழைக்கிறது. அழைக்க ஆள் இருக்கும் வீட்டுக்கு கெக் பொருத்தம். அழைக்க யாரும் இல்லாத வீட்டில் இருக்கும் கெக்தான் கவலைக்குரியது.

கடைசியாக...

"எது சிறந்தது?" என்று கேட்பதைவிட "யார் குடிக்கப் போகிறார்கள்?" என்று கேட்பதே சரி.

புதிதாகத் தொடங்குபவர் குறைந்தது முதல் ஐந்தாறு முறை பாட்டிலில்தான் அடைக்க வேண்டும். செலவு குறைவு என்பதற்காக மட்டும் அல்ல. கணக்கும் பொறுமையும் கைக்கு வருவதற்காக. பழைய பியர் பாட்டிலைக் கழுவிச் சேர்த்து, மூடி அழுத்தும் கருவி ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். பிடிக்கவில்லை என்றால் பெரிய நஷ்டம் இல்லாமல் விட்டுவிடலாம். சிலிண்டரும் பிரிட்ஜும் வாங்கிவிட்டால், போட்ட காசுக்காகவே காய்ச்சி, காய்ச்சியதற்காகவே குடிக்க வேண்டி வரும்.

அதற்குப் பிறகும் ஒருவர் கெக் வாங்க மூன்று நல்ல காரணங்கள் இருக்கலாம். ஹாப்ஸ் வாசமுள்ள பியர்தான் அவர் உயிர் என்றால் வாங்கலாம். மாதம் ஒரு முறையாவது வீடு நிறைய ஆள் வரும் என்றால் வாங்கலாம். கை வலியோ முதுகு வலியோ 53 பாட்டில் கழுவ விடவில்லை என்றாலும் வாங்கலாம். "எல்லோரும் வாங்குகிறார்கள்" என்பதும், "அதுதான் அடுத்த படி" என்பதும் காரணங்கள் அல்ல. வாங்கியவரும் பாட்டில் மூடி அழுத்தும் கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஆறு பாட்டிலாவது நிரப்பி வைத்தால் கொடுக்கவும் ஆகும், ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கவும் ஆகும்.

வெள்ளை மாளிகைச் செய்முறை பாட்டிலோடு முடிந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதைப் படித்துச் செய்யப் போகிறவர்கள் சாதாரண மக்கள். அவர்களிடம் ஒரு பெரிய பானை இருக்கும், கொஞ்சம் காலி பாட்டில்கள் இருக்கும், கொடுக்க நாலு நண்பர்கள் இருப்பார்கள். வீட்டு பியருக்கு அது போதும்.